ஸ்கூக்கம்சக் போன டீச்சரும் அடையாறு போகாத டீச்சரும்



இது நீளமான பதிவு. பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதீர்கள், வீட்டுக்குப் போய் காபி போட்டுக்கொண்டு படியுங்கள். கொஞ்சம் கோபமாகவும் இருக்கிறேன். 33 வருஷம் புவியியல் எடுத்தவளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கோபப்பட உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். என்னிடம் படித்த ஒருத்தி இப்போது நகரத்தில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள். போன மாதம் போன் செய்தாள். "டீச்சர், கடல் ஓதம் பாடம் வருது. நாற்பது பிள்ளைங்களை அடையாறு முகத்துவாரத்துக்குக் கூட்டிட்டுப் போய் நேரில் காட்டலாம்னு இருக்கேன். நீங்களும் வரீங்களா?" எனக்கு இருந்த மூட்டு வலியெல்லாம் அந்த நிமிஷம் பறந்துபோய்விட்டது. புதுச் செருப்புகூட வாங்கிவிட்டேன்.

நடைப்பயணம் நடக்கவில்லை. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் சண்டை. மூன்றாம் நாள் பள்ளி அதை ரத்து செய்துவிட்டு, பிள்ளைகளை ஒரு மாலில் இருக்கும் விளையாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போயிற்று. குழுவில் வந்த செய்திகளை அவள் எனக்கு அனுப்பினாள். சொன்னவர்களின் பெயர் இல்லாமல்தான் அனுப்பினாள், நல்ல பெண். அவற்றைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் என் யோக்கியதையைச் சொல்லிவிட வேண்டும்.

போன வருஷம் ஜூனில் மகள் வீட்டுக்குக் கனடா போயிருந்தேன், வான்கூவர் பக்கம். அங்கிருந்து ஒருநாள் ஸ்கூக்கம்சக் என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஹார்ஸ்ஷூ பேயில் கார் ஏறும் கப்பல், நாற்பது நிமிஷம். பிறகு எக்மான்ட் என்ற சின்ன ஊர் வரை கார். அப்புறம் காட்டுக்குள் நாலு கிலோமீட்டர் நடை. கடலோர மழைக்காடு. சிடார் மரங்களும் டக்ளஸ் ஃபர் மரங்களும் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். விழுந்த மரத்தின் மேல் பாசி, பாசியின் மேல் பெரணி, அதன் மேல் இன்னொரு கன்று மரம். மாப்பிள்ளை அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் "அம்மா, உக்காரலாமா?" என்று கேட்டார். உட்காரவில்லை, நேரம் தவறினால் பார்க்க முடியாது.

அந்தக் குறுகிய நீர்வழியின் உள்ளே சீஷெல்ட் என்ற நீண்ட உப்பங்கழி இருக்கிறது. வெளியே கடல் ஏறும்போது கழிக்குள் அதே வேகத்தில் நீர் நுழைய முடியாது, வாசல் அவ்வளவு குறுகல். அதனால் வெளி மட்டத்துக்கும் உள் மட்டத்துக்கும் சில நேரம் இரண்டு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது. தண்ணீர் படியிறங்குவது போல உள்ளே பாய்கிறது. வேகம் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வரை போகும். ஆறு மணி நேரம் கழித்து எல்லாம் திரும்பி வெளியே பாயும். எந்த நாளில் எத்தனை மணிக்குச் சுழல் பெரிதாக இருக்கும் என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். 'ஸ்கூக்கம்' என்றால் பலம், 'சக்' என்றால் தண்ணீர். அந்தக் கரையோரப் பூர்வகுடிகளும் வியாபாரிகளும் பேசிய கலப்பு மொழிச் சொற்கள்.

பாறை மேல் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வீடியோ எடுத்து நம் குடும்பக் குழுவில் போட்டேன். உடனே வந்த பதில்கள் ஞாபகம் இருக்கிறதா? "ஆஹா, சொர்க்கம்!" "நம்ம ஊர்ல இதெல்லாம் எங்க இருக்கு?" "நம்ம ஊர்ல ஆறுன்னு இருக்கிறது சாக்கடைதானே மன்னி!" நான் அதற்கெல்லாம் கைகூப்பும் படம் போட்டேன். அதுதான் என் முதல் தப்பு. ஏனென்றால் அன்று ராத்திரி படுக்கையில் ஒரு கணக்குப் போட்டேன். ஸ்கூக்கம்சக் போக நான் கடந்தது பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆழ்வார்பேட்டையில் என் வீட்டு வாசலிலிருந்து அடையாறு முகத்துவாரம் நாலு கிலோமீட்டர். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்து 44 வருஷம். ஒரு தடவைகூட அங்கே ஓதம் பார்க்கப் போனதில்லை.

பாலத்தின் மேல் பஸ்ஸில் போயிருக்கிறேன், மூக்கைப் பொத்திக்கொண்டு.

இரண்டாவது தப்பு இதைவிடப் பழையது. 1990-களின் நடுவில், ஒன்பதாம் வகுப்பு. கரும்பலகையில் சூரியன், சந்திரன், பூமி மூன்றும் நேர்க்கோட்டில். ஓதம் ஏன் வருகிறது, அமாவாசை பௌர்ணமியில் ஏன் அதிகம் என்று நடத்திக்கொண்டிருக்கிறேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கரையோரக் குப்பத்திலிருந்து வரும் பெண். "டீச்சர், இது எங்க வீட்டாண்ட தெனம் வருது. தண்ணி ரிவர்சுல போவும்." வகுப்பு கொல்லென்று சிரித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "சரி, உக்காரு. அது பரீட்சைக்கு வராது" என்றேன்.

ஐம்பது பிள்ளைகள் இருந்த அறையில் ஓதத்தைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவள். என்னையும் சேர்த்துச் சொல்கிறேன். அவளை உட்காரச் சொன்னேன். அவள் இதைப் படிக்கிறாளா என்று தெரியாது. யாருக்காவது தொடர்பு இருந்தால் சொல்லுங்கள், பொதுவில் பெயர் போடாமல் எனக்குத் தனியாக.

ஆகவே வாட்ஸ்அப் பெற்றோர்களைத் திட்டும்போது நான் என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன். ஆனால் திட்டத்தான் போகிறேன்.

கனடாவிலிருந்து வந்து ஒரு பௌர்ணமியன்று காலையில் போனேன். ஆட்டோவில் ஊரூர் குப்பம் வரை, அங்கிருந்து மணலில் வடக்கே நடை. இடது பக்கம் தியசாபிகல் சொசைட்டியின் மரங்கள். 1882-இலிருந்து அவர்கள் அங்கே இருப்பதால் தப்பித்த பச்சை அது. இந்தக் கரை முழுக்க ஒரு காலத்தில் காடு இருந்தது. மழைக்காடு இல்லை, உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியல்காரர்கள் சொல்வார்கள். வருஷத்தில் பல மாதம் மழை இல்லாவிட்டாலும் இலை உதிர்க்காத குட்டை மரங்கள். கிண்டி தேசியப் பூங்காவில் மிச்சம் இருக்கிறது. சங்கப் பாட்டில் கடற்கரைச் சோலைக்குக் 'கானல்' என்று பெயர், தமிழ் டீச்சர்களிடம் கேளுங்கள். புன்னையும் தாழையும் உள்ள சோலை. இன்று நமக்குக் கானல் என்றால் கானல்நீர் ஒன்றுதான் தெரியும். காடு போனது, இல்லாத தண்ணீர் மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. கபாலி கோயிலில் புன்னை மரத்தடியைச் சுற்றி வருகிறோமே, தல விருட்சம் ஏன் புன்னை என்று எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? மயிலாப்பூர் கடற்கரை ஊர் என்பதற்கு அந்த மரமே சாட்சி.

உடைந்த பாலத்தைத் தாண்டி முகத்துவாரம். 1967-இல் மீனவர்களுக்காகக் கட்டிய பாலம், பத்தே வருஷத்தில் ஆற்று வேகம் அதை உடைத்துப் போட்டது. சாக்கடை என்று நாம் சொல்லும் ஆறு கான்கிரீட்டை உடைத்திருக்கிறது, அதையும் நினைவில் வையுங்கள்.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "வழி தப்பி வந்துட்டியாம்மா?" என்றார். ஓதம் பார்க்க வந்தேன் என்றேன். கடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இப்ப ஏறுற தண்ணி. இன்னும் ஒரு மணி நேரம் ஏறும். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா நிக்கும். அப்புறம் பாரு." அட்டவணை போனில் வைத்திருந்தேன். அவர் சொன்னதற்கும் அதற்கும் பத்து நிமிஷ வித்தியாசம்கூட இல்லை.

நின்று பார்த்தேன். வாசலில் மணல்திட்டு இரண்டு பக்கமும் நெருக்குகிறது. அந்த இடைவெளியில் கடல் பட்டை பட்டையாக உள்ளே வந்தது. நடுவில் நீர் நெளிந்து, சின்னச் சின்னக் குழி விழுந்து மூடியது. ஒரு செருப்பு, ஒரு தேங்காய் மட்டை, ஒரு பூமாலை மூன்றும் மேற்கு நோக்கி, ஆறு வரும் திசையை நோக்கி வேகமாகப் போயின. ரிவர்சில்! பெரியவர் சொன்னபடியே பிறகு எல்லாம் நின்றது. கண்ணாடி மாதிரி. நெடுங்கால் உள்ளான்கள் கூட்டமாக இறங்கின. சில நிமிஷம்தான். அந்தத் தேங்காய் மட்டை யோசிப்பது போலச் சுற்றியது, பிறகு கிழக்கே கிளம்பியது.

ஸ்கூக்கம்சக் அளவுக்கு இல்லைதான். சென்னையில் பெரிய ஓத நாளில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டரைச் சுற்றித்தான் வித்தியாசம். அங்கே பெருஞ்சுழல், இங்கே நெளிவு. ஆனால் கணக்கு ஒன்றுதான். பெரிய கழி, சின்ன வாசல், வெளியே ஏறி இறங்கும் கடல். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் எது?

இப்போது வாட்ஸ்அப் வாதங்களுக்கு வருகிறேன்.

"நாற்றம் தாங்க முடியாது, பிள்ளைகளுக்கு இன்ஃபெக்‌ஷன் வரும்." நாறுகிறது, மறுக்கவில்லை. யாருடைய நாற்றம்? ஆதனூர் பக்கம் கிளம்பி 42 கிலோமீட்டர் வரும் ஆறு அது, பிறக்கும்போது நாறவில்லை. நம் வீடுகளின் கழிவு மழைநீர்க் கால்வாயில் கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகவும் நேராகவும் அங்கே போய்ச் சேருகிறது. ஆழ்வார்பேட்டை, ஆர்.ஏ.புரம், அபிராமபுரம் எல்லோருடைய குளியலறையும் அதில் இருக்கிறது. தன் வீட்டு நாற்றத்தை இன்னொருவர் வாசலில் கொட்டிவிட்டு "அந்தப் பக்கம் போகாதே, நாறும்" என்று பிள்ளைக்குச் சொல்லித் தருகிறோம்.

இதில் புவியியல் ஒன்றும் இருக்கிறது. தினம் இரண்டு தடவை கடல் காசு வாங்காமல் வந்து அந்தக் கழியைக் கழுவிவிட்டுப் போகும். வாசல் திறந்திருந்தால். நம் கரையோரம் அலை ஓயாமல் மணலை நகர்த்துகிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் வடக்கே, வடகிழக்கில் தெற்கே, மொத்தக் கணக்கில் வடக்கே. சென்னைத் துறைமுகச் சுவர் அந்த மணலைத் தடுத்ததால்தான் தெற்கே மெரினா இவ்வளவு அகலமானது, வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் அரிக்கப்பட்டன. அதே மணல்தான் ஆற்று வாசலையும் அடைக்கப் பார்க்கிறது. அதைத் தள்ளித் திறந்து வைப்பது இரண்டு விஷயங்கள்: மழைக்காலத்து ஆற்று வெள்ளம், மற்ற மாதங்களில் ஓதம் வற்றும்போது வெளியே பாயும் நீர். உள்ளே நீர் பரவ எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு பலம் அந்தப் பாய்ச்சலுக்கு. கழியோரத்தை மண் கொட்டி நிரப்பி நிரப்பிக் கட்டடம் கட்டினால், உள்ளே வரும் நீர் குறையும், வெளியே தள்ளும் பலம் குறையும், மணல் வாசலை மூடும், நீர் தேங்கும், நாறும். பிறகு ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னாலும் பொக்லைன் கொண்டுவந்து தோண்டித் திறக்க வேண்டியிருக்கிறது. கடல் சும்மா செய்த வேலைக்கு டீசல் செலவு.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது கோட்டூர்புரத்தில் என் நாத்தனார் வீட்டுத் தரைத்தளம் முழுகியது. அவ்வளவு தண்ணீரும் வெளியே போக வேண்டிய கதவு எது? பிள்ளைகள் போய்ப் பார்க்கக் கூடாது என்று தடுத்தீர்களே, அந்த வாசல்தான். அந்தக் குழுவில் கோட்டூர்புரத்துப் பெற்றோரும் இருந்தார்களாம்.

"ஆபத்தான இடம்." இதில் நியாயம் இருக்கிறது. வாசலில் இழுப்பு அதிகம், மணல் விளிம்பு சரியும், நீரில் கால் வைக்கவே கூடாது. எலியட்ஸ் பீச்சில் நிற்கும் ஷ்மிட் நினைவுச் சின்னம் 1930-இல் மற்றவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கிய டென்மார்க்காரருக்காகக் கட்டியது, அந்தக் கடல் யாருக்கும் சலுகை காட்டாது. 2004 சுனாமியில் சீனிவாசபுரத்தில் நடந்ததை நாங்கள் யாரும் மறக்கவில்லை. ஆனால் ஸ்கூக்கம்சக்கில் விழுந்தால் மட்டும் பிழைப்பார்களா? அங்கே எச்சரிக்கைப் பலகையும் பாதையும் பார்க்கும் மேடையும் வைத்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வருகிறார்கள். நம் ஊரிலேயே 1988-இலிருந்து மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவினர் நடுராத்திரியில் இந்தக் கரையில் நடக்கிறார்கள், பொதுமக்களையும் கூட்டிக்கொண்டு. விடிகாலை வெளிச்சத்தில், கரையிலிருந்து இருபதடி தள்ளி, நாலு பெரியவர்களோடு நாற்பது பிள்ளைகளை நிறுத்த நமக்குத் தெரியாதா? நம் தெருவில் பள்ளி விடும் நேரத்தில் ரோடு கடப்பது இதைவிட ஆபத்து.

"பார்க்க என்ன இருக்கிறது?" என்று ஒருவர் எழுதியிருந்தார். மயிலாப்பூரிலேயே வாழ்ந்த மா. கிருஷ்ணன் இந்த ஊர்ப் பறவைகளைப் பார்த்துப் பார்த்தே வாழ்நாள் முழுக்க எழுதினார். இதற்கு மேல் அவருக்குப் பதில் இல்லை.

கடைசியாக ஒரு செய்தி. அதைப் படித்தபோதுதான் போனைக் கீழே வைத்தேன். "அந்த ஏரியா ஆளுங்க எப்படி இருப்பாங்கன்னு தெரியும்ல, பொண்ணுங்களை அனுப்ப முடியாது." கீழே பதினொரு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள்.

நாற்றமும் ஆபத்தும் சாக்கு, இதுதான் நிஜக் காரணம். என் ஒன்பதாம் வகுப்பில் கொல்லென்று எழுந்த அதே சிரிப்பு. அந்த ஆட்கள் கொண்டுவரும் வஞ்சிரமும் வவ்வாலும் நம் சமையலறைக்குள் வரலாம், சாப்பிடாதவர்கள் வீட்டுக்கு அந்தக் குப்பத்துப் பெண்கள் பாத்திரம் தேய்க்க வரலாம், நம் பிள்ளைகள் மட்டும் அங்கே போகக் கூடாது. அந்தப் பெரியவர் எனக்கு ஒரு பழைய டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார். வெயில் ஏறியதும் பேரனைக் கூப்பிட்டு ஆட்டோ வரை துணைக்கு அனுப்பினார். அந்தப் பையனிடம், "நீ எந்த ஸ்கூல்பா? ஓதம் பத்திப் பாடம் வந்துச்சா?" என்று கேட்டேன். "வந்துச்சு பாட்டி. மனப்பாடம் பண்ணேன்" என்றான். முகத்துவாரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளையை ஓதத்தை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறோம்!

அரசாங்கத்தையும் ஒரு வார்த்தை. 2011-இல் 58 ஏக்கரில் அடையாறு பூங்கா திறந்தார்கள், தொல்காப்பியர் பெயரில். நல்ல வேலை, கழியில் அலையாத்தி நட்டார்கள், பறவை வந்தது. ஆனால் பல வருஷம் முன் அனுமதி வாங்கிய குழுவுக்குத்தான் உள்ளே வழி. இயற்கையைக் காப்பாற்றுவது என்றாலே ஒரு கேட்டும் ஒரு வாட்ச்மேனும் என்று நாம் முடிவு செய்துவிட்டோம். மக்கள் கண்ணில் படாத ஆற்றில் யாரும் எதையும் கொட்டலாம், யார் கேட்பது? எனக்குப் பூங்கா வேண்டாம். இரண்டு கரையிலும் முகத்துவாரம் வரை மண் பாதை ஒன்று, உட்கார நாலு கல் பெஞ்சு, தமிழில் ஒரு பலகை: இன்று ஏற்றம் எத்தனை மணிக்கு, வற்றம் எத்தனை மணிக்கு. இந்திய சர்வே துறை வருஷா வருஷம் ஓத அட்டவணை போடுகிறது, அதில் சென்னைக்கும் கணக்கு இருக்கிறது. சாக்பீஸ் போதும். பலகையை எழுதும் வேலையைக் குப்பத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். மாநகராட்சியில் இருக்கும் என் இரண்டு மாணவிகளே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். மனு எழுதித் தருகிறேன், எழுத்துப் பிழை இல்லாமல்.

இப்போது வேலை.

தைப்பூசத்தன்று காலை போகிறோம். பௌர்ணமி, பெரிய ஓதம், காலை எட்டரை ஒன்பதை ஒட்டி ஏற்றம் முழுமையாகும். அன்று அரசு விடுமுறை, ஆகவே சாக்கு இல்லை. கபாலி கோயில் தெப்பம் சாயங்காலம்தான் என்பதால் மாமிகளுக்கும் சாக்கு இல்லை. ஏழாம் வகுப்பு டீச்சர் தன் சொந்தப் பிள்ளைகள் இரண்டு பேரோடு வருகிறாள், பள்ளி அனுமதி அதற்குத் தேவையில்லை. அந்த நாற்பது பேரில் யாருடைய அப்பா அம்மாவாவது இதைப் படித்தால் உங்களையும் கூப்பிடுகிறேன், கட்டைவிரல் போட்டவர்களையும் சேர்த்து. ஓதம் பற்றி விளக்கம் சொல்லப்போவது நான் இல்லை. அந்தப் பெரியவரிடம் கேட்டுவிட்டேன். "வந்து நில்லுங்க, சொல்றேன்" என்றிருக்கிறார்.

தொப்பி, தண்ணீர், மணலில் நடக்கிற செருப்பு. பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவேன். யாரும் நீரில் இறங்கக் கூடாது, செல்ஃபிக்காகவும் கூடாது. அன்று மணல் மூடி வாசல் அடைத்திருந்தால் அதையே பார்ப்போம், அதற்கும் என்னிடம் பாடம் இருக்கிறது.

ஆட்டோ பகிர்ந்துகொள்கிறவர்கள் ஆழ்வார்பேட்டை சிக்னலில் ஐந்தே முக்காலுக்கு நிற்கவும். ஆறு மணிக்கு மேல் காத்திருக்க மாட்டேன். உங்களுக்கு என்னைத் தெரியும்.